நடுவருக்கு வேலை வைத்த ஆட்டம்

1969-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் நண்பர்களுக்காக ஒரு போர் விளையாட்டு ஏற்பாடு செய்தார். நெப்போலியன் காலத்து ஜெர்மன் சிற்றூர் ஒன்று, பெயர் பிரவுன்ஸ்டைன். அதைப் பிடிக்க இரண்டு படைகள் வருகின்றன. பொம்மைச் சிப்பாய்களை மேசைமேல் நகர்த்தி ஆடுவது அந்த வட்டாரத்தில் பலருக்கும் பழகிப்போன பொழுதுபோக்கு. வெஸ்லி செய்த புதுமை ஒன்றுதான். ஆட வந்தவர்களில் சிலருக்குப் படையைக் கொடுக்காமல் ஆளைக் கொடுத்தார். ஒருவர் ஊரின் மேயர், ஒருவர் வங்கி முதலாளி, இன்னொருவர் பல்கலைக்கழக வேந்தர்.

ஆட்டம் கைமீறிப் போயிற்று. ஆளுக்கொரு பக்கம் போய்த் தங்களுக்குள் பேசிச் சதி செய்தார்கள். இரண்டு பேர் வந்து, “நாங்கள் ஒற்றைக்கு ஒற்றை சண்டை போடப்போகிறோம்” என்றார்கள். அதற்கு வெஸ்லியிடம் விதியே இல்லை. நின்ற இடத்தில் ஒன்றை யோசித்துச் சொல்லிச் சமாளித்தார். ஒரே குழப்பமாக முடிந்த அந்த ஆட்டத்தைத் தோல்வி என்றே அவர் நினைத்தார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

இன்று உலகமெங்கும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடப்படும் பாத்திர விளையாட்டுகளின் முன்கதை இது. ‘ரோல் பிளேயிங் கேம்’ என்றதும் பலருக்குக் கணினித் திரைதான் ஞாபகம் வரும். நான் சொல்வது அதன் தாத்தா. காகிதம், பென்சில், பகடை, நான்கைந்து பேர், அவ்வளவுதான்.

தாத்தாவுக்கும் ஒரு தாத்தா உண்டு. 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், படைத் தலைவர்களின் பயிற்சிக்காக வரைபடத்தின்மேல் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். அதில் இரு தரப்புக்கும் நடுவே நடுவர் ஒருவர் இருப்பார். கட்டளைகளை அவரிடம்தான் கொடுக்க வேண்டும். பகடையை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, என்ன நடந்தது என்று அவர் சொல்வார். வரவர விதிகள் பெருத்தன. நடுவருக்கு அட்டவணை புரட்டவே நேரம் போதவில்லை. 1876-ல் வெர்டி என்ற தளபதி, அட்டவணையை மூடிவைத்துவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்புக்கே விட்டுவிடலாம் என்றார். விதியை நம்புவதா, ஆளை நம்புவதா? இந்தப் பழைய வழக்கு இன்றும் ஒவ்வொரு மேசையிலும் நடக்கிறது.

வெஸ்லியின் ஆட்டத்தில் கலந்துகொண்ட டேவ் ஆர்னசன், மந்திரமும் அரக்கர்களும் உள்ள கற்பனை நாட்டுக்கு அதைக் கொண்டுபோனார். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா ஊரில் இருந்த கேரி கைகாக்ஸுக்கு அதை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் காப்பீட்டு நிறுவன வேலை போய், வீட்டில் செருப்பு தைத்துக்கொண்டிருந்தவர். இருவர் பெயரிலும் 1974-ல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், முதல் அச்சு 1,000 பெட்டி. வீட்டிலேயே கையால் அடுக்கிக் கட்டினார்கள்.

இதை எப்படி ஆடுவது? ஒருவர் டஞ்சன் மாஸ்டர், அதாவது நடுவரும் கதைசொல்லியும் ஒன்றாக. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “கோட்டைக் கதவு பூட்டியிருக்கிறது, ஒரு காவல்காரன் நிற்கிறான். என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று அவர் கேட்கிறார். கணினி விளையாட்டில் இதற்கு மூன்று பதில் இருக்கும்: அடி, ஒளி, ஓடு. இங்கே ஒரு பெண், “அவனுடைய பேச்சு மலைக்காட்டுப் பேச்சு மாதிரி இருக்கிறதே, எந்த ஊர் என்று விசாரிக்கிறேன்” என்கிறாள். காவல்காரனுக்கு ஊர் என்ற ஒன்று இருப்பதாக மாஸ்டரே அதுவரை யோசிக்கவில்லை. ஒரு நொடி மேலே பார்க்கிறார். “சரி, 13-ஓ அதற்கு மேலோ விழுந்தால் வாய் திறப்பான்” என்கிறார். எல்லாரும் பகடையைப் பார்க்கிறார்கள்.

அந்தப் பகடைக்கு 20 முகம். நம் தாயக்கட்டைபோல நீளக்கட்டை இல்லை, கூழாங்கல் மாதிரி உருளும். எல்லா முகமும் ஒரே அளவுள்ள ஒழுங்குப் பலகோணமாய், எல்லா முனையும் ஒரே மாதிரி அமையும் குவிந்த திண்ம வடிவங்கள் மொத்தம் ஐந்துதான் என்பது கிரேக்கர் காலத்திலேயே தெரிந்த கணக்கு: 4, 6, 8, 12, 20 முகங்கள். ஐந்துமே இந்த ஆட்டத்தில் உண்டு. 13 முதல் 20 வரை எட்டு முகங்கள் என்பதால் காவல்காரன் வாய் திறக்க 40 சதவீத வாய்ப்பு.

இங்கே ஒரு நுணுக்கம். மூன்று சாதாரணப் பகடைகளைச் சேர்த்து உருட்டினால் கூட்டுத்தொகை பெரும்பாலும் 10, 11 என நடுவில்தான் விழும். உச்சமான 18 விழ 216-ல் ஒரு வாய்ப்பு. 20 முகப் பகடையை ஒற்றையாக உருட்டினால் அப்படி நடுவே கிடையாது. 1-க்கும் 20-க்கும் 11-க்கும் ஒரே 5 சதவீதம். மகாவீரனும் வழுக்கி விழலாம், அப்பாவியும் அரக்கனை வீழ்த்தலாம். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு இதில் எளிமையான ஒரு தந்திரம் செய்தது. சூழ்நிலை சாதகமாக இருந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 11-க்குக் குறையாமல் விழும் வாய்ப்பு 50-லிருந்து 75 சதவீதமாகிறது. 20 விழும் வாய்ப்பு 5-லிருந்து 9.75. கணக்கு தெரியாதவருக்கும் கையில் இரண்டு பகடை இருக்கும் தெம்பு புரிகிறது. ஐம்பது ஆண்டில் வந்த விதிகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

பகடைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பழியை அது ஏற்றுக்கொள்கிறது. மூன்று மாதம் வளர்த்த பாத்திரம் செத்துப்போனால் நண்பன்மேல் கோபம் வராது, உருண்ட பிளாஸ்டிக்கைத் திட்டலாம்.

இந்த ஆட்டத்தையே நோய் என்று பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1979-ல் மிச்சிகனில் ஒரு கல்லூரி மாணவர் காணாமல் போனபோது இந்த ஆட்டம்தான் காரணம் என்று செய்தி பரவியது. அவர் உயிரோடு கிடைத்தார். காரணம் ஆட்டமும் இல்லை. ஆனாலும் 80-கள் முழுக்கப் பேய் வழிபாடு, தற்கொலை என்று பெற்றோர் பயந்தார்கள். அப்படி ஒரு தொடர்பு பிற்பாடு வந்த ஆய்வுகளில் தென்படவில்லை. பயம் விளம்பரமாகி விற்பனைதான் ஏறியது.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. மனநல ஆலோசகர்கள் சிலர் இதைச் சிகிச்சைக் கருவியாக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரம் ஆடியவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்ததாகச் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆடியவர்கள் சில பத்துப் பேர். ஒப்பிட்டுப் பார்க்க ஆடாத குழு ஒன்று கிடையாது. வாரம் தவறாமல் நாலு பேரோடு உட்கார்ந்து பேசிச் சிரித்தால் சீட்டாட்டமும் இதைச் செய்யாதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மருந்துச்சீட்டில் எழுத இன்னும் நாளாகும். ஆனால் ஒன்றைப் பார்க்கலாம். கூச்ச சுபாவமுள்ளவர் “நான் கேட்கிறேன்” என்று சொல்லத் தயங்குவார். “என் பாத்திரம் கேட்கிறது” என்று சொல்லச் சுலபமாக இருக்கும். சீட்டுக்கட்டில் அந்தப் படிக்கட்டு கிடையாது.

கற்பனைதானே, சுடாது என்று நினைக்க வேண்டாம். கதையில் குழந்தைக்கு ஆபத்து வரும்போது மேசையில் ஒருவர் முகம் மாறலாம். அதற்காகவே பல குழுக்கள் ‘எக்ஸ்’ என்று எழுதிய ஓர் அட்டையை நடுவில் வைக்கின்றன. யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியைத் தாண்டிவிடுவார்கள். காரணம் கேட்கக் கூடாது.

ஆட்டத்தின் ஆரோக்கியம் எப்படி? நாடித்துடிப்பு பலமாகத்தான் இருக்கிறது. ‘கிரிட்டிகல் ரோல்’ என்ற குழு 2015 முதல் தாங்கள் ஆடுவதை இணையத்தில் ஒளிபரப்பிவருகிறது. 2023-ல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் மேடை போட்டு ஆடினார்கள். ஏழெட்டுப் பேர் மேசையில் உட்கார்ந்து பேசுவதைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் வாங்கினார்கள். அதே 2023 ஜனவரியில், உரிமை நிறுவனமான விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், பிறர் இந்த விதிகளை வைத்து நூல் எழுத 2000 முதல் கொடுத்துவந்த அனுமதியை இறுக்கப் பார்த்தது. ஆடுபவர்கள் கொதித்து இணையச் சந்தாக்களை ரத்து செய்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அடிப்படை விதிகளை யாரும் எடுத்தாளலாம் என்று நிறுவனமே பொதுவில் விட்டுவிட்டது. அது விற்பது புத்தகம். ஆட்டம் நடப்பது வேறிடத்தில். அங்கே தட்டுப்பாடு வேறு வகை: மாஸ்டராக உட்கார ஆள் கிடைப்பதில்லை, வேலைக்குப் போகும் ஐந்து பேருக்கு ஒரே மாலை ஓய்வு கிடைப்பதில்லை. வாரக்கணக்கில் நீளும் ஆட்டத் தொடர்களில் அரக்கனால் செத்தவற்றைவிடக் காலண்டரால் செத்தவை அதிகம் என்பது இவர்களிடையே பழைய நகைச்சுவை.

நேரத்துக்குப் பஞ்சமில்லாத இடம் ஒன்று உண்டு: சிறை. ஆட்டம் பிறந்த அதே விஸ்கான்சினில், வாபன் சிறை நிர்வாகம் அதைத் தடை செய்தது. ஒருவர் சொல்ல மற்றவர் நடக்கும் ஆட்டம் கும்பல் மனப்பான்மையை வளர்க்கும் என்றது. 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடை செல்லும் என்றது. வழக்குப் போட்ட கைதி தன் கையாலேயே 96 பக்கத்துக்குக் கதை எழுதி வைத்திருந்தார், அதைப் பறித்துக்கொண்டார்கள். டெக்சஸில் மரண தண்டனைக் கைதிகளுக்கான பகுதியிலோ ஆட்டம் நடந்திருக்கிறது. தனித்தனி அறை, பகடைக்கு அனுமதியில்லை. காகிதத்தில் எண்களை எழுதி நடுவில் சுழலும் முள்ளைப் பொருத்திக்கொண்டார்கள். வரைபடம் கையால் வரைந்தது. முள் எங்கே நின்றது என்பதை அடுத்த அறைக்குக் கத்திச் சொல்ல வேண்டும். கேட்பவர் நம்ப வேண்டும்.