தேய்க்காத பலகையில் தெளித்த மருந்து

முகூர்த்த நாளுக்கு மறுநாளும், சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்த அடுத்த சில தினங்களிலும், வாந்தியும் பேதியுமாக வருவோரின் தொகை கூடுவது மதுரையில் வைத்தியம் பார்க்கும் எவருக்கும் புதிதன்று; அவர்கள் வந்து சேரும் நேரந்தான் மனத்தை வருத்துகிறது. முதல் நாள் கோலி சோடா, இரண்டாம் நாள் தொக்கம் எடுப்பவர், மூன்றாம் நாள் கடையில் கேட்டு வாங்கிய பேதி நிறுத்தும் மாத்திரை என்று காலத்தைக் கழித்து, நாக்கு வறண்டு, சிறுநீர் நின்று, நாடி தளர்ந்த பிறகே மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் தூக்கி வருகிறார்கள். உணவு சமைத்தவரை விசாரித்தாலோ, “தினமும் மருந்து ஊத்தித்தானே சார் கழுவுறோம்” என்ற விடை தவறாமல் கிடைக்கிறது. அவர் சொல்வது பொய்யன்று. மருந்து ஊற்றியதும் மெய். கிருமி பிழைத்ததும் மெய்.

கிருமி பிழைக்கும் விதம்

கறி வெட்டும் கட்டையின் கீறல்களிலும், மிக்ஸி மூடியின் ரப்பர் வளையத்திலும், பால் வைக்கும் பாத்திரங்களின் விளிம்பு மடிப்பிலும் தங்கும் சால்மோனெல்லா, ஸ்டாபிலோகாக்கஸ், லிஸ்டீரியா முதலியவை, தாமே சுரக்கும் வழுவழுப்பான பசைக்குள் கூட்டமாக வாழும் இயல்புடையவை. பயோஃபிலிம் எனப்படும் இந்தப் படலத்தோடும், அதில் ஒட்டிய கொழுப்போடும் புரதத்தோடும் வினைபுரிந்தே குளோரின் தன் வீரியத்தைச் செலவழித்துவிடுவதால், அடியில் கிடக்கும் கிருமிகளுக்கு அது எட்டுவதேயில்லை.

உணவுத் தொழிலில் மிகுதியாகப் பிரயோகிக்கப்படும் பென்சல்கோனியம் குளோரைடு போன்ற மருந்துகளையோ, அளவு குறைந்து பலமுறை பட்டுப் பழகிய கிருமிகள் சில, உட்புகுந்தவுடன் வெளியே தள்ளும் திறனைப் பெற்றுவிடுகின்றன. அத்திறனுக்குரிய மரபணுக்களை ஒன்றிலிருந்து மற்றொன்று பெறுவதும் உண்டு. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரும், பாத்திரத்தில் அலசாமல் விட்ட சோப்பும் இம்மருந்தின் வலிமையை இன்னும் குறைக்கின்றன.

கனடாவில் 2008-ஆம் ஆண்டு, இயந்திரத்தில் சீவிப் பொட்டலமிட்ட இறைச்சியால் லிஸ்டீரியா பரவி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுத்தம் செய்யப்பட்டு வந்த சீவும் இயந்திரங்களின் உட்புறத்தில், கையும் மருந்தும் எட்டாத இடுக்கில், இறைச்சித் துணுக்கோடு கிருமி குடியிருந்தது என்பதே விசாரணையில் தெரிய வந்தது.

உலவிவரும் மூட நம்பிக்கைகள்

“வாடை அடித்தால் சுத்தம்.” பினாயில் வாடை மூக்கைத் திருப்தி செய்வதேயன்றிக் கிருமியின் சாவுக்குச் சாட்சியாகாது, அது தரைக்குரியது, உணவு படும் இடத்துக்கு ஆகாது.

“பிளீச்சிங் பவுடர் இருக்கிறது.” மூட்டையைத் திறந்து வைத்து, காற்றும் ஈரமும் படவிட்ட பவுடரில் மாதங்கள் சென்றபின் எஞ்சுவது பெரும்பாலும் சுண்ணாம்பே.

“ஊற்றியவுடன் கழுவிவிடலாம்.” மருந்துக்கு அவகாசம் வேண்டும். தேய்த்துக் கழுவிய பரப்பில், லிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம் குளோரின் என்ற விகிதத்தில், இரண்டு நிமிடமேனும் அது ஈரமாகத் தங்க வேண்டும்.

“சானிடைசர் எல்லாவற்றையும் கொல்லும்.” சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் உறைவித்துகளாக மாறிக் கிடக்கும்போது, சாராயமும் அதைக் கொல்லாது, கொதிக்கும் உலையிலும் அது தப்பும்.

“குளிர்ப்பெட்டியில் வைத்தோமே.” லிஸ்டீரியா 4 டிகிரிக் குளிரிலும் மெல்ல வளரும்; கர்ப்பிணிகளின் கருவுக்கு அதனால் நேரும் அபாயம் சிறிதன்று.

“மறுபடி சூடாக்கினால் தீர்ந்தது.” ஸ்டாபிலோகாக்கஸும் பேசில்லஸ் சீரியஸும் உணவில் கக்கிய விஷம் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை, கிருமி செத்தும் விஷம் நிற்கும்.

நோய் கண்டபின்

எல்லாப் பேதிக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பதையும், ரத்தமும் ஜுரமும் கலந்த பேதியை மாத்திரையால் அடக்குவது கேடு என்பதையும் எத்தனை முறை சொன்னாலும், பக்கத்து வீட்டுக்காரர் தின்று மிச்சம் வைத்த மாத்திரையே முதல் வைத்தியமாக இருக்கிறது! தொக்கம் எடுப்பதாகச் சொல்லித் தொண்டையில் விரலை விடுவதும், குடலேற்றம் என்று வயிற்றைப் பிசைவதும் எந்தக் கிருமியையும் வெளியேற்றா. முதல் மணியிலிருந்தே உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுங்கள். ரத்தம், விடாத வாந்தி, மயக்கம், சிறுநீர் குறைவு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மலப் பரிசோதனை வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார்.

ஒரு வேண்டுகோள்

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட சிறுமி இறந்தார், நாற்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. தடை நல்லதே, ஆயினும் எந்த அரசாணையும் உங்கள் வெட்டும் பலகையைத் தேய்த்துக் கொடுக்காது. பரோட்டாக் கடை நடத்தும் அண்ணாச்சிமாரே, கல்யாணச் சமையல் எடுப்பவர்களே, அன்னதானம் செய்யும் புண்ணியவான்களே, உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்: முதலில் சோப்பும் வெந்நீரும் இட்டு, இயந்திரத்தின் பாகங்களைக் கழற்றித் தேயுங்கள், பிறகு நல்ல நீரில் அலசுங்கள், அதன்பின் அளந்த மருந்தை இட்டுக் காத்திருங்கள், கடைசியில் நன்றாக உலர விடுங்கள். கீறல் விழுந்த பலகையை இன்றே மாற்றுங்கள். தேய்க்காத இடத்தில் தெளித்த மருந்து காசுக்குக் கேடு. உண்பவர் உயிருக்கும் கேடு.