மூச்சு வாங்குகிறதா? தொடையில் தொடங்குவோம்

நுரையீரல் நோயோ சர்க்கரையோ இருந்தால் டாக்டர் தவறாமல் சொல்வது, "தினமும் நடங்க" என்பதுதான். வடசென்னையில் எண்ணூர் விரைவுச்சாலை ஓரம் குடியிருப்பவர் எங்கே போய் நடப்பார்? கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றின் புகையும் புழுதியும் வாசல்வரை வருகின்றன. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் தொடங்கப்பட்டபோது, சென்னைக்கான பாதை தெற்கே பெசன்ட் நகரில் அமைந்தது. அடுத்த மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, எண்ணூர் மக்கள் மூச்சுத்திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள்.

பாய் விரிக்கும் அளவு இடம் போதும் என்கிற ஒரு பயிற்சி இவர்களுக்கு அறிமுகமாக வேண்டும். அதுதான் தாய் சி.

சீனாவில் சண்டைக்கலையாகப் பிறந்தது இது. 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை இதை 24 அசைவுகளாகச் சுருக்கிப் பொதுமக்களுக்குக் கொடுத்தது. குத்துச்சண்டை வளர்ந்த ராயபுரத்துக்கு இதன் அடிப்படை புதிதாக இருக்காது. முழங்காலை லேசாக மடக்கி, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவதுதான் எல்லாம். சிலம்பத்திலும் முதல் பாடம் காலடிதானே! இங்கே அந்தக் காலடியை மிக மிக மெதுவாக வைக்க வேண்டும்.

மூச்சு நோய்க்குக் கால் பயிற்சி எதற்கு? நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் காற்றுக்குழாய்கள் சுருங்கியிருப்பதால், இழுத்த காற்று முழுதாக வெளியேறாமல் உள்ளேயே தேங்குகிறது. வேகமாக நடந்தால் இன்னும் தேங்கும். மூச்சு வாங்கும் பயத்தில் நோயாளி கட்டிலோடு இருந்துவிடுகிறார். சில மாதங்களில் தொடைத் தசை கரைகிறது. வலுவிழந்த தசையில் சிறு வேலைக்கே லாக்டிக் அமிலம் சேரும், அது மேலும் மூச்சைக் கேட்கும். முன்பு மாடி ஏறினால் வாங்கிய மூச்சு, இப்போது குளியலறைக்குப் போய்வந்தாலே வாங்குகிறது. நுரையீரலில் ஏற்பட்ட சேதத்தைத் திருப்ப முடியாது. தொடையைத் தேற்ற முடியும். மெதுவான அசைவு அதைச் செய்கிறது, மூச்சை நிதானமாக வெளியே விடவும் நேரம் தருகிறது.

2018-இல் வெளியான ஒரு சீன ஆய்வு இதைச் சோதித்தது. இந்நோயுள்ள 120 பேரில் பாதிப்பேர் வழக்கமான நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியும் மற்றவர்கள் தாய் சியும் 12 வாரம் செய்தார்கள். முடிவில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே நிலை. பயிற்சிக்காலம் முடிந்து மேலும் 12 வாரம் கழித்துப் பார்த்தபோது தாய் சி குழுவினர் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். இரு குழுவுக்கும் இன்ஹேலர் கொடுக்கப்பட்டிருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பயிற்சி தொடங்கிவிட்டோம் என்று மருந்தை நிறுத்துவது ஆபத்து.

தாய் சியால் பார்க்கின்சன் நோயாளிகள் கீழே விழுவது குறைந்தது என்று 2012-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மூட்டுத் தேய்மானத்திலும் பலன் உண்டு. இதயச் செயலிழப்பில் மனமும் அன்றாட வாழ்வும் மேம்பட்டன, நடக்கும் தூரம் கூடவில்லை. ஆகவே இதைச் சர்வரோக நிவாரணியாக யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களுக்கு இதில் நான்கைந்து அசைவுகளைக் கற்றுக்கொடுத்தால் திருவொற்றியூர், காசிமேடு சந்துகளுக்குள் இது தானாகப் போய்ச் சேரும். அரசு இதை யோசிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

தொடங்க விரும்புவோர் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். பிடித்துக்கொள்ள நாற்காலி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். நிற்க முடியாதவர் உட்கார்ந்தே செய்யலாம். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் செருப்பில்லாமல் பழக வேண்டாம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். சளியும் இழுப்பும் கூடியிருக்கும் நாட்களில் ஓய்வுதான். தெருவில் புகையோ காரநெடியோ வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே பழகுங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகாரையும் அன்றைக்கே அனுப்புங்கள்.