நீரிழிவும் தன்னம்பிக்கையும்

யாழ்ப்பாணத்தார் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் வழங்கும் நீரிழிவு, உடலைப் பற்றிய நோயேயாயினும் உள்ளத்தைத் தொடாது விடுவதில்லை. 1921 ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரில் பன்ரிங், பெஸ்ற் என்போர் இன்சுலினைக் கண்டறியுமுன்னர், இளமையில் இந்நோய் கண்டவர் நெடுநாள் வாழ்ந்திலர். இன்று பல்லாண்டு வாழ்கின்றனர். ஆயின் உண்பதும் நடப்பதும் மருந்து கொள்வதும் நாள்தோறும் அவர்தம் கைக்கருமங்களாகிவிட்டன. மருத்துவர் காண்பது சில நிமிடமே. எஞ்சிய காலமெல்லாம் நோயாளியே தமக்கு மருத்துவர். ஆதலின் ‘என்னால் இது இயலும்’ என்னும் துணிவு மருந்தோடொத்த இன்றியமையாமை உடையது.

இத்துணிவு பொதுவான மனத்திடம் அன்று. உளநூலறிஞர் அல்பேட் பண்டூரா 1977 இல் வெளியிட்ட ஆய்வுரையில், ஒரு குறித்த செயலைத் தன்னால் ஆற்றமுடியும் என்னும் நம்பிக்கையை வேறுபிரித்துக் காட்டினார். நீதிமன்றில் அஞ்சாது வாதாடும் வழக்கறிஞரும் கலியாணப் பந்தியிற் பாயசத்தை மறுக்க நாணுதல் கூடும். அந்நம்பிக்கைக்கு அவர் கூறிய ஊற்றுக்கள் நான்கு: தான் செய்துகண்ட வெற்றி, தன்னையொத்தார் வெல்லக் காண்டல், பிறர் சொல், உடலின் நிலை. முதலாவதே வலிமை மிக்கது. இனிப்பை அடியோடு துறப்பேன் என்று சூளுரைத்து மூன்றாம் நாள் தோற்பவரினும், இரவில் இரண்டு இடியப்பம் குறைத்து அதில் நிலைப்பவர் உறுதி பெறுவர். கிளினிக் வாங்கில் அருகிருக்கும் மற்றொரு நோயாளியின் அனுபவமும், பல அறிவுரைகள் செய்யாததைச் செய்யும்.

பிறர் சொல்லோ நம்மவரிடையே இருபுறமும் வெட்டும். “ஒரு துண்டுதானே, சாப்பிடுங்கோ” என்று வற்புறுத்திய உறவினரே, சீனி ஏறியதும் “வாயைக் கட்டத் தெரியாதவர்” என்பர். பரீட்சைப் பெறுபேற்றையே மனிதனின் அளவாகக் கொள்ளும் பழக்கம் ஊறிய இச்சமூகத்தில், குருதிச்சோதனைத் துண்டும் ஒரு புள்ளிப்பட்டியலாகிவிடுகின்றது. காய்ச்சலும் உறக்கமின்மையும் மனக்கவலையும்கூடச் சீனியை உயர்த்த வல்லன என்பதை அறியாதார், உயர்ந்த எண்ணைத் தம் ஒழுக்கத்தின்மேற் சாட்டிய குற்றமாகவே கொள்வர். சிலர் அதற்கஞ்சிச் சோதனையையே தவிர்ப்பர். அன்றியும், 1990 களில் போரும் பொருட்டடையும் குடாநாட்டைச் சூழ்ந்தபோது மருந்தைப் பெறுதலும் பேணுதலும் எளிதாயிருக்கவில்லை. நோயின்மேல் தமக்கு ஆட்சியுண்டு என்னும் எண்ணம், அக்காலத்தைக் கடந்தார் சிலர்க்கு மீண்டுவரச் சுணங்குமாயின் அது வியப்பன்று.

உடலின் நிலை பற்றியது சிறிது நுட்பமானது. இன்சுலின் முதலிய மருந்து கொள்வார்க்குக் குருதிச்சீனி 100 மில்லிலீற்றரில் 70 மில்லிகிராமிற்குக் கீழே இறங்கின் வியர்வையும் நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் தோன்றும். இவற்றை விளைவிப்பது அதிரீனலின். அச்சத்திற் சுரப்பதும் அதுவே. ஒருமுறை தெருவிலோ பேருந்திலோ இவ்வாறு தளர்ந்தவர், பின்னர் வெறும் அச்சத்தின் நடுக்கத்தையும் சீனிக்குறைவென மயங்கி உண்பர். சிலர் வேண்டுமென்றே சீனியை உயர்த்தி வைத்துக்கொள்வர். விரல்நுனிக் குருதியை அக்கணமே கருவியில் அளந்து பார்ப்பின் ஐயம் தீரும். குறைவு மெய்யாயின் 15 கிராம் குளுக்கோசு உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளத்தல் வேண்டும். அச்சமேயாயின் சற்று அமர்ந்திருத்தலே போதும்.