சேற்றை அள்ளாவிட்டால் தோட்டம் இல்லை! - மெக்சிகோவின் 'சினாம்பா' விவசாயம்

வீட்டில் மைன்கிராஃப்ட் விளையாடும் வாண்டு இருந்தால், 'ஆக்சலோட்டல் தெரியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். காதோரம் இறகு முளைத்ததுபோல செவுள்களும் சிரித்த முகமுமாக இருக்கும் அந்த நீர்ப்பிராணியை உடனே அடையாளம் சொல்லிவிடும். மெக்சிகோ 2021-ல் வெளியிட்ட 50 பெசோ நோட்டிலும் அதுதான் இருக்கிறது. கூடவே, தண்ணீரும் வயலுமாக ஓர் இடம். பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஊர் பெயர் சோச்சிமில்கோ. மெக்சிகோ சிட்டியின் தெற்குப் பகுதி. இன்றைய மாநகரம் நிற்கும் பள்ளத்தாக்கில் ஒருகாலத்தில் வரிசையாக ஏரிகள் இருந்தன. 1521-ல் ஸ்பானியர்களிடம் வீழ்ந்த அஸ்டெக் தலைநகரமே ஏரி நடுவில் இருந்த தீவுதான். அத்தனை பேருக்கும் சாப்பாடு? ஆழமில்லாத ஏரிப்பகுதியில் சேற்றையும் நீர்த்தாவரங்களையும் அடுக்கடுக்காகக் கொட்டி, நீளவாக்கில் மேடுகள் எழுப்பினார்கள். அந்த மேடுதான் சினாம்பா. இரண்டு மேடுகளுக்கு நடுவே படகு போகுமளவுக்கு வாய்க்கால். கரை சரியாமலிருக்க ஓரமெல்லாம் வில்லோ வகை மரங்கள்.

இதை 'மிதக்கும் தோட்டம்' என்று சுற்றுலாக்காரர்கள் சொல்வது தவறு. உண்மையிலேயே மிதப்பது வேண்டுமென்றால் பங்களாதேஷுக்குப் போக வேண்டும். அங்கே ஆகாயத்தாமரையை மெத்தைபோல அடுக்கி, அதன்மேல் காய்கறி போடுகிறார்கள். சினாம்பா அசையாது, அடியில் ஏரித்தரையோடு ஒட்டியிருக்கும்.

பர்பி போல நாற்றங்கால்

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நாற்று விடும் விதம். நீண்ட கழியில் பை கட்டி, படகிலிருந்தபடியே வாய்க்கால் சேற்றை அள்ளுகிறார்கள். அதைப் பாத்தியில் பரப்பி, பாதி காய்ந்ததும் பர்பிக்குத் துண்டு போடுவதுபோலச் சதுரம் சதுரமாகக் கீறுகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு குழி, அதில் விதை. முளைத்ததும் துண்டோடு பெயர்த்து வயலில் நட்டுவிடலாம். வேர் அறுபடாது. நம்மூர் நர்சரிகளில் குழித்தட்டில் நாற்று வளர்க்கிறோமே, அதே யோசனைதான். என்ன, இங்கே பிளாஸ்டிக் தட்டு தேவையில்லை.

வாய்க்கால் நீர் பக்கவாட்டில் கசிந்து வேருக்கு ஈரம் தருகிறது. சேறே உரம். அதனால் ஒரு வருடத்தில் பல போகம் எடுக்க முடிகிறது. கீரைகள், முள்ளங்கி, கொத்தமல்லி, மக்காச்சோளம்... நவம்பர் தொடக்கத்தில் வரும் இறந்தோர் தினத்துக்காகத் துலுக்கச் சாமந்தியும் விளைகிறது. நம் மாலைகளில் கோக்கும் இந்தப் பூவின் பூர்வீகம் மெக்சிகோதான்!

இன்னொரு விஷயம். உரத்துக்காகச் சேற்றை அள்ளும்போதே வாய்க்கால் தூர்வாரப்பட்டுவிடுகிறது. அதற்கெனத் தனி ஆள் வேண்டாம். ஆனால் விவசாயி கையை விட்டால் வாய்க்கால் தூர்ந்துபோகும். தோட்டத்துக்கு ஈரமும் இருக்காது.

கால்பந்து மைதானமான வயல்

இப்போது அதுதான் நடக்கிறது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சோச்சிமில்கோவின் ஊற்றுநீரைக் குழாய் வழியாக நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று வாய்க்கால்களுக்கு வருவதில் பெரும்பகுதி நகரத்தின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர். கீரை விற்ற காசு போதாமல் பல குடும்பங்கள் சினாம்பாவைக் கால்பந்து மைதானமாக்கி வாடகைக்கு விடுகின்றன. விருந்து, கொண்டாட்டம் என்றும் இடம் கொடுக்கிறார்கள். யுனெஸ்கோ 1987-லேயே பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பகுதி இது. பட்டம் கொடுத்தால் கீரை விலை ஏறிவிடுமா என்ன? அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆக்சலோட்டலின் கதியும் இதோடு பின்னியது. இயற்கையாக அது வாழும் கடைசி இடம் இந்த வாய்க்கால்கள்தான். கை, கால் போனாலும் திரும்ப வளர்த்துக்கொள்ளும் பிராணி. ஆனால் அழுக்குத் தண்ணீரையும், மக்களுக்கு உணவாகட்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன் விடப்பட்ட கார்ப், திலேப்பியா மீன்களையும் அதனால் சமாளிக்க முடியவில்லை. நம் சந்தையில் 'ஜிலேபி' என்று விற்கிறார்களே, அதே திலேப்பியா! 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 ஆக்சலோட்டல்கள் இருந்தன. 2014 கணக்கெடுப்பில் வெறும் 36.

மெக்சிகோவின் தேசிய தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உயிரியலாளர் லூயிஸ் சம்பிரானோவின் குழு, விவசாயிகளோடு சேர்ந்து ஒரு வேலை செய்கிறது. சினாம்பாவை ஒட்டிய சிறு வாய்க்கால்களின் வாயில் வடிகட்டித் தடுப்பு வைக்கிறார்கள். பெரிய மீன்கள் உள்ளே வர முடியாது, தண்ணீரும் தெளிகிறது. பதிலுக்கு, விவசாயி ரசாயன மருந்து அடிக்கக் கூடாது. அங்கே விளையும் காய்கறிக்குத் தனி முத்திரை உண்டு, அதைக் காட்டி நல்ல விலை கேட்கலாம். பாரம்பரியமாக ஆண் வாரிசுகளுக்கே போய்க்கொண்டிருந்த சினாம்பாக்களைச் சில பெண்கள் விலைக்கு வாங்கி, படகேறிச் சேறு அள்ளுகிறார்கள்.

கூண்டில் பிறந்து வளர்ந்த 18 ஆக்சலோட்டல்களை இந்த ஆய்வாளர்கள் இரண்டு இடங்களில் விட்டுக் கண்காணித்தார்கள். ஓர் இடம், சீரமைத்த சினாம்பா. 2025-ல் முடிவு வெளியானது: கண்காணித்த நாள்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. திரும்பப் பிடித்துப் பார்த்த சிலவற்றுக்கு எடைகூடக் கூடியிருந்தது.