ஆறாவது தோட்டா

அலாஸ்காவில் மூஸ் மானை வீழ்த்திய வேட்டைக்காரருக்கு உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. வளர்ந்த ஆண் மூஸ் 500 கிலோவைத் தாண்டும். விழுந்த இடத்திலேயே தோலுரித்து, துண்டு போட்டு, இறைச்சியை முதுகில் சுமந்து கொண்டுபோக வேண்டும். இரண்டு கைகளிலும் ரத்தம். ரைஃபிளோ எட்டடி தள்ளி ஒரு மரத்தில் சாய்ந்திருக்கிறது. அந்த வாடையைப் பிடித்துப் பழுப்புக் கரடி வந்து நிற்பது அங்கே புதிதல்ல. அந்தக் கணத்துக்காகத்தான் பலர் மார்புப் பட்டையில் ஒரு ரிவால்வரைச் செருகிக்கொள்கிறார்கள். வருடக்கணக்கில் சுமந்தும் அதைக் கரடி மீது பயன்படுத்த நேராதவர்களே அதிகம்.

எப்போதாவது ஒருமுறை தேவைப்படும் இந்தத் துணை ஆயுதத்துக்கான தோட்டாக்களைத் தாங்களே கெட்டித்துக்கொள்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். தோட்டாவின் பாகங்கள் நான்குதான்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்ட கூட்டைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அழுத்தி, மற்ற மூன்றையும் புதிதாக வைத்தால் தோட்டா தயார். கெட்டிப்பது இவ்வளவு சுலபம். கெட்டித்ததை நம்பலாமா என்று கண்டறிவதுதான் கடினம்.

அந்தக் கடினத்தைத் துப்பாக்கி வெடித்தே உணர்ந்தவர் எல்மர் கீத். மேற்கு அமெரிக்காவில் பண்ணைக்காரராகவும் வேட்டை வழிகாட்டியாகவும் வாழ்ந்தவர். 1925-ல் அவர் கனத்த குண்டை வைத்துக் கெட்டித்த தோட்டா, அவருடைய .45 கோல்ட் ரிவால்வரைப் பிளந்துவிட்டது. பிறகு அவர் .44 ஸ்பெஷல் என்ற தோட்டா வகைக்கு மாறினார். அதற்கான துளை சற்றுச் சிறியது என்பதால், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் சுவரில் உலோகம் கூடுதலாக இருக்கும். தட்டை மூக்குள்ள, 250 கிரெய்ன் (சுமார் 16 கிராம்) எடையுள்ள ஈயக் குண்டை அவரே வடிவமைத்தார். அவர் பல ஆண்டுகள் விடாமல் வற்புறுத்தியதன் பலன்தான் 1956-ல் ஸ்மித் அண்ட் வெஸனும் ரெமிங்டனும் சந்தைக்குக் கொண்டுவந்த .44 மேக்னம். பழைய .44 ஸ்பெஷல் துப்பாக்கிக்குள் தவறியும் நுழைந்துவிடக் கூடாது என்று அதன் கூட்டை எட்டில் ஒரு அங்குலம் நீளமாக்கினார்கள். காரணம் அழுத்தம். ஸ்பெஷலுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் சதுர அங்குலத்துக்கு 15,500 பவுண்டு, மேக்னத்துக்கு 36,000. ஒரு கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு!

இந்த அழுத்தத்தை வீட்டில் நேராக அளப்பது சுலபமல்ல. பிரைமர் தட்டையாகிவிட்டதா, சுட்ட கூடு சிலிண்டரிலிருந்து வழுக்கி வருகிறதா, தட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் ரிவால்வரில் இந்த அடையாளங்கள் தாமதமாகவே தெரியும். தெரியும்போது எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும். அதனால்தான் வெடிமருந்து உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏற வேண்டும் என்பது இத்தொழிலில் மீறக் கூடாத விதி.

வேகத்தை அளப்பது எளிது. 1742-லேயே ஆங்கிலேயக் கணிதவியலாளர் பெஞ்சமின் ராபின்ஸ், தொங்கவிட்ட ஊசலைக் குண்டால் அடித்து, அது ஆடும் தூரத்தைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். இன்று இரண்டு ஒளி உணரிகளுக்கு மேல் குண்டின் நிழல் கடக்கும் நேரத்தைக் கருவி எண்ணிச் சொல்கிறது. டாப்ளர் ரேடார் பெட்டிகளும் வந்துவிட்டன. பத்துத் தோட்டாக்களைச் சுட்டால் அதிகபட்ச வேகத்துக்கும் குறைந்தபட்ச வேகத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது சிறியதாக இருந்தால் கெட்டித்தவரின் கை சீராக இருந்தது என்று அர்த்தம். கையேடு சொல்வதைவிட வேகம் அதிகமாக வந்தால் மகிழ இடமில்லை. அழுத்தமும் கூடியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

ரிவால்வருக்கென்றே உள்ள சோதனை ஒன்று உண்டு. சிலிண்டரில் ஆறு தோட்டாக்களைப் போட்டு, ஐந்தை மட்டும் சுட வேண்டும். சுடாத ஆறாவதை வெளியே எடுத்து, வெர்னியர் அளவியில் அதன் நீளத்தைப் பார்க்க வேண்டும். போடுவதற்கு முன் அளந்து குறித்துவைத்த எண்ணுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஏன் வித்தியாசம் வரும்? ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. காத்திருக்கும் தோட்டாக்களின் கூடுகளும் அதோடு பின்னால் இழுபடுகின்றன. கனத்த குண்டோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. பேருந்து சட்டென்று கிளம்பும்போது நிற்பவர் பின்னால் சாய்கிறாரே, அதே கதைதான். ஐந்து உதையில் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டை விட்டு நழுவி, சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டிவிடலாம். நீட்டினால் அது துப்பாக்கியின் சட்டத்தில் முட்டி, சிலிண்டர் சுழலாது. விசையை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. கரடிக்கு எதிரே இதைவிட மோசமான நிலை வேறில்லை. இதைத் தடுப்பது கூட்டின் வாயை உள்பக்கமாக மடித்து, குண்டைச் சுற்றியுள்ள பள்ளத்தில் கவ்வ வைக்கும் கிரிம்ப். எடை குறைந்த துப்பாக்கியும் கனத்த குண்டும் சேர்ந்தால் உதை பலமாகும். நேற்றுவரை போதுமானதாக இருந்த கிரிம்ப் அப்போது போதாது. ஆகவே இன்னொருவரின் துப்பாக்கியில் தேறிய தோட்டா தன்னுடையதிலும் தேறும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

குண்டு எவ்வளவு ஆழம் போகிறது என்பதை ஈரமான செய்தித்தாள் கட்டுகளிலும், வரிசையாக அடுக்கிய தண்ணீர்க் கேன்களிலும் சோதிக்கிறார்கள். கரடிக்கு வேண்டியது விரிந்து நின்றுவிடும் குண்டு அல்ல. எலும்பைத் தாண்டி நேராக உள்ளே போகும் கடினமான குண்டு. அந்தக் கடினத்துக்கு ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்ப்பார்கள். லைனோடைப் அச்சகங்களில் எழுத்து வார்த்த உலோகமும் இதே கலவைதான்: ஈயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 சதவீதம். அச்சுக்கூடங்கள் மூடியபோது அந்தக் கட்டிகளைக் குண்டு வார்ப்பவர்கள் தேடிப்போய் வாங்கினார்கள்.

எல்லாச் சோதனையும் தேறிய தோட்டாவுக்கும் ஒரு பகை உண்டு: தோல் பெல்ட். தோலைப் பதனிடும் ரசாயனங்கள் பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பு கட்டும்; புளி போட்டுத் துலக்காத பித்தளைப் பாத்திரத்தில் படிகிற மாதிரியேதான். களிம்பேறிய தோட்டா சிலிண்டருக்குள் முழுதாக இறங்காது. பருவம் முடிந்ததும் அனுபவசாலிகள் சுமந்துபோன தோட்டாக்களை இலக்கில் சுட்டுத் தீர்த்துவிடுகிறார்கள். அடுத்த பருவத்துக்கானதைப் புதிதாகக் கெட்டித்து, ஒவ்வொன்றையும் ஆறு அறைகளிலும் போட்டு எடுத்துப் பார்த்து, பெட்டியின் மேல் தேதியும் மருந்தின் தொகுதி எண்ணும் எழுதி வைக்கிறார்கள்.