வாரியத்தின் கடனுக்கு அரசு எவ்வளவு பொறுப்பு?



“கவர்மெண்டு வாரியம்தானே, பணம் எங்கே போய்விடும்?” என்ற பேச்சு லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் நாமக்கல் கடைவீதியிலும் சகஜம். வாரியக் கட்டட வேலை எடுத்த கான்ட்ராக்டருக்கு மாதக் கணக்கில் அரிசி, பருப்பு கடன் கொடுப்பதும், கடையில் மிஞ்சிய பணத்தை வாரியப் பத்திரத்தில் போடுவதும் இந்த நம்பிக்கையில்தான். அது எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போம்.

முதலில், அரசு வேறு, வாரியம் வேறு. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் சட்டத்தின் பார்வையில் ஒரு தனி ஆள். தன் பெயரில் சொத்து வாங்கும், கடன் வாங்கும், வழக்கும் நடத்தும். தகப்பனார் கடையும் மகன் கடையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் பேரேடு தனித்தனி அல்லவா? மகன் வாங்கிய சரக்குக்குத் தகப்பனாரைக் கேட்க வேண்டுமானால், அவர் ஜாமீன் நின்றிருக்க வேண்டும். அரசுக்கும் அதே நியாயம்தான்.

அரசு ஜாமீன் நிற்பதற்கு அரசியல் சட்டத்தின் 293-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் மூன்று வரம்புகள் உண்டு.

1. எழுத்து வரம்பு: 299-வது பிரிவின்படி அரசின் ஒப்பந்தம் கவர்னர் பெயரில், அதிகாரம் பெற்ற அலுவலரின் கையெழுத்துடன் இருக்க வேண்டும். ஒரு அதிகாரி வாயால் சொன்ன உறுதி அரசைக் கட்டுப்படுத்தாது.

2. வாசக வரம்பு: 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவின்படி, கடனாளிக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு, ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் அதுவே செல்லும். அசலுக்கு மட்டும் ஜாமீன் என்று எழுதினால் வட்டிக்குப் பொறுப்பில்லை. ஹட்கோ கடனுக்குக் கொடுத்த ஜாமீன் ஹட்கோவுக்கே. மற்றக் கடன்காரர் அதைக் காட்டிக் கேட்க முடியாது.

3. மொத்த வரம்பு: தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம், நிலுவையிலுள்ள மொத்த உத்தரவாதம் முந்தைய ஆண்டின் மொத்த வருவாய் வரவில் 100 சதவீதம் அல்லது மாநில உற்பத்தியில் 10 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதற்குள் இருக்க வேண்டும் என்று விதித்தது.

இத்தனை வரம்பு எதற்கு? கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளி, ஆஸ்பத்திரி, பாலம் கட்டுவதற்குக் கடன் திரட்டும் கிஃப்பி என்ற வாரியம் 2019-ல் மசாலா பத்திரம் வெளியிட்டு 2,150 கோடி ரூபாய் திரட்டியது. வாரியத்துக்கு மாநிலத்தின் மோட்டார் வாகன வரியில் பங்கும் பெட்ரோல் செஸ்ஸும் போகின்றன. மாநில வரிப் பணத்தில் அடைபடும் கடன் மாநிலத்தின் கடனே என்று மத்திய அரசு கணக்கில் சேர்த்தது. கேரளம் 2023-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2024 ஏப்ரல் 1-ஆம் தேதி வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அரசின் ஜாமீன் கைமீறிப் போனால் அதைச் சுமப்பது வரி செலுத்தும் நாம்தான்.

ஆகவே வாரியப் பத்திரம் வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். அரசு உத்தரவாதம் உண்டா? அசலுக்கா, வட்டிக்கும் சேர்த்தா? எந்தத் தேதி வரை? பதில் பத்திர விவரக் குறிப்பில் அச்சாகியிருக்க வேண்டும். ஏஜெண்டின் வாய்ச்சொல் போதாது.

கான்ட்ராக்டர் கடனில் இன்னும் கவனம் வேண்டும். அவர் தொழிலாளிக்குக் கூலி பாக்கி வைத்தால் வேலை கொடுத்த நிறுவனத்தைக் கேட்கச் சட்டத்தில் வழியுண்டு. நம் மளிகை பாக்கிக்கு அந்த வழி கிடையாது. வாரியமே பொறுப்பில்லை என்றால் அரசு எங்கே வரும்? அவருடைய சொந்த நாணயத்தைப் பார்த்துக் கொடுங்கள். பில்லில் கையெழுத்து வாங்குங்கள், கடனுக்கு ஒரு உச்ச வரம்பு வையுங்கள். அரசே தன் ஜாமீனுக்கு வரம்பு வைத்திருக்கும்போது, நம் கல்லாவுக்கும் ஒரு வரம்பு இருப்பது நல்லது.