குப்பை மீன்களுக்கு ஓர் ஒப்பந்தம்

1962 செப்டம்பரில் அமெரிக்காவின் கிரீன் ஆற்றில் அரசுத் துறையினரே நஞ்சைக் கலந்தார்கள். ஃபிளேமிங் கார்ஜ் அணை எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. நீர் தேங்கியதும் தூண்டில் போடுவோருக்குப் பிடித்த ட்ரவுட் மீன்களை அதில் விட வேண்டும்; ஏற்கெனவே இருக்கும் மீன்கள் இடைஞ்சல், ஒழித்துவிடலாம் என்பது கணக்கு. ஆறும் துணையாறுகளுமாக ஏறக்குறைய 700 கிலோமீட்டருக்கு ரோட்டினோன் என்ற செடிவேர் நஞ்சு பாய்ந்தது. கீழே அதை முறிக்கச் செய்திருந்த ஏற்பாடும் முழுதாகப் பலிக்கவில்லை. செத்தவற்றுக்கு அன்றிருந்த பெயர் 'குப்பை மீன்'.

ஐந்தே ஆண்டுகளில், 1967இல், அந்தக் குப்பையில் இரண்டு இனங்களை அதே நாடு அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது.

கிரீன் ஆறு கொலராடோ ஆற்றின் பெரிய துணையாறு. இந்தப் படுகையில் மட்டுமே வாழும் நான்கு மீன்கள்தான் இங்கே பேச்சு: பைக்மின்னோ, கூன்முதுகு சப், ரேசர்பேக் சக்கர், போனிடெயில். பைக்மின்னோ கெண்டைக்குத் தூரத்து உறவு. ஆனால் ஒரு காலத்தில் ஆறடி நீளம்வரை வளர்ந்தது, முட்டையிட நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்வந்தது. கோடைக்கு முன் பனி உருகிப் பெருகும் கலங்கல் வெள்ளம், பிறகு மெல்ல வற்றும் வெதுவெதுப்பான நீர் என்ற தாளத்துக்குப் பழகிய மீன்கள் இவை. அணைகள் அந்த வெள்ளத்தை அடக்கின. அடியாழத்துக் குளிர்நீரை வெளியே விட்டன. வலசை வழியை மறித்தன.

அழியும் உயிரினங்களைக் காக்க 1973இல் வந்த சட்டம் இந்த மீன்களுக்குப் பல் முளைக்க வைத்தது. மீனுக்குக் கேடு வரும் திட்டத்துக்கு மத்திய அரசின் அனுமதி கிடைப்பது அரிதாயிற்று. வறண்ட மேற்கில் தண்ணீர்த் திட்டம் முடங்கினால் ஊரே முடங்கும். வழக்காடிக்கொண்டிருப்பதைவிடக் கூடிப் பேசுவது மேல் என்ற முடிவில், 1988இல் கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநில ஆளுநர்களும் மத்திய அரசும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பாசனக்காரர்கள், மின்துறை, சூழல் அமைப்புகள் எல்லாருக்கும் இதில் இடம் உண்டு. பேரம் எளிது: மீனை மீட்கும் வேலை முன்னேறும்வரை தண்ணீர்த் திட்டங்களுக்குத் தடையில்லை. இப்படி 2,000க்கும் மேற்பட்ட திட்டங்களுக்கு வழி கிடைத்திருக்கிறது. மீன்மேல் வந்த பாசத்தைவிடத் தண்ணீர் போய்விடுமோ என்ற பயமே இதைப் பிறப்பித்தது என்பேன். அதனால்தான் நிலைத்தது என்றும் தோன்றுகிறது.

நடைமுறை எப்படி? கொலராடோ ஆற்றில் கிராண்ட் ஜங்ஷன் ஊருக்கு மேலே 'பதினைந்து மைல்' என்றே பெயர்பெற்ற ஒரு நீட்சி உண்டு. அதற்கு மேலே பீச் தோப்புகளுக்கும் வயல்களுக்கும் வாய்க்கால்கள் பிரிவதால் கோடைக் கடைசியில் ஆறு மெலிந்துவிடும். அந்தப் பருவத்தில் நீர்த்தேக்கப் பொறுப்பாளர்களும் பாசனக்காரர்களும் மீன் அதிகாரிகளும் வாரந்தோறும் கலந்து பேசி, எந்தத் தேக்கத்திலிருந்து எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்கிறார்கள். வாய்க்கால் முகப்பில் மீன் நுழையாதபடி தடுப்புகளும், தடுப்பணைகளில் மீன் ஏற வழிகளும் வைத்தாயிற்று.

எனக்கு மிகப் பிடித்தது குஞ்சுக் கணக்கு. ரேசர்பேக் குஞ்சுகள் பொரித்ததும் ஆற்றோடு மிதந்து போகும். ஓரத்துத் தாழ்நிலக் குட்டைகளில் ஒதுங்கினால் வெதுவெதுப்பும் இரையும் கிடைக்கும், இல்லையேல் சாவுதான். முன்பு அணையைத் திறக்கும்போது குஞ்சுகள் பெரும்பாலும் பொரித்திருக்க மாட்டா. வெள்ளம் வந்து வடிந்த பிறகுதான் அவை பிறக்கும். 2012 முதல் முறை மாறியது. ஆட்கள் இரவில் விளக்குப் பொறி வைத்துக் காத்திருக்கிறார்கள். முதல் குஞ்சு சிக்கியதும் சேதி போகிறது, ஃபிளேமிங் கார்ஜ் திறக்கிறது. வெள்ளம் குஞ்சுகளைக் குட்டைக்குள் தள்ளுகிறது. வாசலில் உள்ள சல்லடை பெரிய மீன்களை வெளியே நிறுத்துகிறது.

பலன் ஒரே சீராக இல்லை. கூன்முதுகு சப் 2021இல் 'அழியும் நிலை'யிலிருந்து ஒரு படி இறக்கப்பட்டது. ஆனால் அதன் பெரிய கூட்டம் இருப்பது கிராண்ட் கேன்யனில், இந்த ஒப்பந்தத்தின் எல்லைக்கு வெளியே. ரேசர்பேக் ஆற்றில் நிறையவே நீந்துகிறது, பெரும்பாலும் பண்ணையில் வளர்த்து விட்டவை. போனிடெயில் இன்றும் பண்ணையை நம்பித்தான் உயிரோடிருக்கிறது.

தண்ணீரைப் பேசித் தீர்க்கலாம், ஸ்மால்மவுத் பாஸ் மீனோடு பேச முடியாது. தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்த இந்த வேட்டை மீன், நாட்டு மீன் குஞ்சுகளை விழுங்குகிறது. படகிலிருந்து மின்சாரம் பாய்ச்சி மயக்கி, ஆண்டுதோறும் அள்ளி எடுக்கிறார்கள். ஆண் பாஸ் கூடு கட்டி முட்டைக்குக் காவல் இருக்கும். அந்தச் சமயம் பார்த்து ஃபிளேமிங் கார்ஜிலிருந்து திடீரென்று குளிர்நீரைத் திறந்துவிடும் சோதனையை 2021இல் தொடங்கினார்கள். வேகம் தாங்காமல் ஆண் மீன் விலகும். காவலற்ற கூட்டிலிருந்து முட்டையும் குஞ்சும் அடித்துச் செல்லப்படும்.